வஜீராபாத் முதல் டௌஜ் வரை: டெல்லியின் பாறைமுகட்டில் வழிகாட்டி இல்லாத நடை

ஆர்.கே.புரம் மலை மந்திருக்குப் போகாத டெல்லித் தமிழர் குறைவு. 1973 ஜூனில் குடமுழுக்கு நடந்த சுவாமிநாத சுவாமி கோயில் அது. தைப்பூசத்தன்று படி முழுக்கக் கூட்டம் நிற்கும். அந்தப் படிகளைத் தாங்கும் குன்று, குஜராத்தில் பாலன்பூர் பக்கம் கிளம்பி, ராஜஸ்தானையும் ஹரியானாவையும் கடந்து, ஏறத்தாழ 690 கிலோமீட்டர் ஓடிவரும் ஆரவல்லித் தொடரின் உதிரித் துண்டு. அதே பாறைதான் ஜே.என்.யு. வளாகத்துக்குள் மறுபடி தலைகாட்டுகிறது. அதே பாறையை வெடிவைத்துச் சமப்படுத்தித்தான் ரைசினா குன்றில் இன்றைய குடியரசுத் தலைவர் மாளிகையைக் கட்டினார்கள். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் முதுகுப்புறமாக வடக்கே ஓடி, வஜீராபாத்தில் யமுனைக் கரையில் போய் அது அடங்குகிறது.

டெல்லியில் எல்லோருக்கும் அது ‘ரிட்ஜ்’. அதன் ஓரமாக நாள்தோறும் லட்சக்கணக்கானோர் பஸ்ஸிலும் மெட்ரோவிலும் போய்வருகிறார்கள். முகட்டின்மேல் கால்வைத்து ஒரு முனையிலிருந்து அடுத்த முனைக்குப் போனவர்கள் மிகச் சிலர். நானும் ஒரு நண்பரும் சில குளிர்காலங்களாக அதைத் துண்டு துண்டாக நடந்துவருகிறோம். காலையில் மெட்ரோ, பகலில் பாறை, இரவில் வீடு. மறுநாள் விட்ட இடத்திலிருந்து. வழிகாட்டி கிடையாது. இமயமலைக்குப் போக டெல்லியில் உட்கார்ந்தபடியே வழிகாட்டியை ஏற்பாடு செய்துகொள்ளலாம். டெல்லியின் சொந்த மலைக்கு அப்படி ஒருவர் இல்லை.

இதை இப்போது எழுதக் காரணம் ஓர் எண். 2025 நவம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம், ஆரவல்லி மாவட்டங்களில் சுற்றியுள்ள தரைமட்டத்திலிருந்து 100 மீட்டரோ அதற்கு மேலோ உயர்ந்து நிற்கும் நிலவடிவமே ஆரவல்லிக் குன்று என்ற வரையறையை ஏற்றுக்கொண்டது. அப்படிப்பட்ட இரு குன்றுகள் 500 மீட்டருக்குள் இருந்தால் அது தொடர். எதிர்ப்பு கிளம்பியது. டிசம்பர் 29 அன்று நீதிமன்றமே தன் உத்தரவை நிறுத்திவைத்து, நிபுணர் குழுவைக் கொண்டு மீண்டும் ஆராய வேண்டும் என்றது. நூறு மீட்டர் என்ற அந்த அளவுகோலை நாங்கள் நடந்த தரைமேல் வைத்துப் பார்த்தால் என்ன மிஞ்சும்? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியோடுதான் நடக்கிறது.

அறுபது அடி

டெல்லிக்குள் ரிட்ஜின் மிக உயர்ந்த இடம் தெற்கே பட்டி கிராமத்தை ஒட்டி இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 318 மீட்டர். யமுனைச் சமவெளியே 200 மீட்டருக்கு மேல் இருப்பதால், பெரும்பாலான இடங்களில் ரிட்ஜ் அக்கம்பக்கத்துத் தரையைவிடச் சில பத்து மீட்டர்தான் உயரம். அபு மலையின் குருசிகரத்தில் 1,722 மீட்டர் நின்ற தொடர், இங்கே வந்து சேரும்போது தேய்ந்து சிறுத்துவிடுகிறது.

அந்தச் சிறிய உயரத்துக்கு என்ன வலிமை என்பதை வடக்கு ரிட்ஜில் நடந்தால் தெரிந்துகொள்ளலாம். வடக்கு ரிட்ஜ் வெறும் 87 ஹெக்டேர். பல்கலைக்கழக மாணவர்கள் ஓடவும் காதலிக்கவும் வரும் இடம். குரங்குகளுக்குப் பயந்து கையிலிருக்கும் பொட்டலத்தை மறைத்துக்கொண்டு நடக்க வேண்டும். 1828இல் கட்டிய கொடிக்கோபுரம் ஒன்று அங்கே நிற்கிறது. 1857 சிப்பாய் எழுச்சியில், மே 11 அன்று நகரத்திலிருந்து தப்பி ஓடிவந்த ஆங்கிலேயக் குடும்பங்கள் அதற்குள்தான் நெருக்கியடித்துக்கொண்டு ஒதுங்கின. ஜூன் 8 அன்று கம்பெனிப் படை இந்த மேட்டைப் பிடித்தது. செப்டம்பர் 14 அன்று கோட்டைச் சுவரை உடைத்துக்கொண்டு நகருக்குள் பாயும்வரை மூன்று மாதம் இங்கிருந்து நகரவே இல்லை. நகரத்தைவிட இந்த மேடு ஏறத்தாழ அறுபது அடி உயரம். அந்த அறுபது அடிக்காக இரு தரப்பிலும் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். முகலாய ஆட்சி முடிந்ததும் இந்த மேட்டின் கீழ்தான்.

கொடிக்கோபுரத்திலிருந்து தெற்கே போனால் இந்து ராவ் மருத்துவமனை. அதன் வளாகத்துக்குள் பிரோஸ் ஷா துக்ளக் காலத்துப் பீர் காயிப் கட்டடம். சற்றுத் தள்ளி, மீரட்டிலிருந்து அவர் கொண்டுவந்து நட்ட அசோகர் தூண். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெடிவிபத்தில் சிதறி, 1867இல் மறுபடி ஒட்டி நிறுத்தப்பட்டது. துக்ளக்கும் கம்பெனிக்காரர்களும் தங்கள் அடையாளத்தைக் கொண்டுவந்து வைக்கத் தேடிய மேடு இது. நூறு மீட்டர் விதியில் இதற்குப் பெயர் கிடையாது.

நமக்குத் தெரிந்த முள்

அங்கிருந்து மத்திய ரிட்ஜுக்குப் போகும் வழியில் முகடு அறுந்துபோகிறது. சதர் பஜார், ஜண்டேவாலான், கரோல்பாக் என்று நகரம் அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. இந்தத் துண்டில் நடப்பதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஹாரன் சத்தத்தில் ஒரு பகல்.

மத்திய ரிட்ஜ் 864 ஹெக்டேர். புதுடெல்லி கட்டத் தொடங்கிய காலத்திலேயே, 1913இல், இதை ஒதுக்குக் காடாக்கினார்கள். வெள்ளைக்கார நகரத்துக்குப் பச்சைப் பின்னணி வேண்டும் என்று மொட்டைப் பாறையில் மரம் நட்டார்கள். மெக்சிகோ பக்கத்து மரம் ஒன்று சளைக்காமல் பிழைத்துக்கொண்டது. இங்கே அதற்கு விலாயதி கீகர் என்று பெயர். ராமநாதபுரத்திலும் விருதுநகரிலும் அதைத்தான் சீமைக் கருவேலம் என்கிறோம். உள்ளே நுழைந்ததும் ஊர்க் கண்மாய்க்குள் இறங்கிய மாதிரி இருக்கும். அதே மஞ்சள் பூ, அதே காய். செருப்பின் அடியைத் துளைத்து ஏறும் முள்ளும் அதேதான். இதன் அடியில் வேறு செடி எழும்புவது கடினம்.

கீகருக்கு முன் இந்தப் பாறைக்குச் சொந்தமான காடு வேறு. தௌ என்ற மரம் அதன் அரசன். நம் வெக்காலி மரத்துக்கு நெருங்கிய உறவு. கூடவே வெள்வேல், வெட்பாலை, புரசு, உகாய், இலந்தை. சங்கப் பாலையில் கேட்ட பெயர்களை டெல்லியில் கண்ணால் பார்க்க வேண்டுமானால் ரிட்ஜின் தெற்குப் பகுதிகளுக்குப் போக வேண்டும். பேராசிரியர் சி.ஆர். பாபுவின் வழிகாட்டலில் வசந்த் விஹாரில் அமைந்த ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்காவில், பழைய சுரங்க நிலத்தில் கீகரை விலக்கி இந்த மரங்களை மீண்டும் வளர்த்திருக்கிறார்கள். பொறுமையாகச் செய்த வேலை. சீமைக் கருவேலத்தைப் பொக்லைனால் பிடுங்கி எறிந்தால் போதும் என்று நினைக்கும் நம் ஊர் அதிகாரிகள் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்.

பூங்காவைத் தாண்டினால் ஜே.என்.யு. வளாகத்துக்குள் பார்த்தசாரதி பாறை. பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் ஜி. பார்த்தசாரதியின் பெயர் அது. கோபாலசாமி ஐயங்காரின் மகன், இந்திரா காந்தியின் காலத்தில் வெளியுறவில் பெரும் செல்வாக்குடன் இருந்தவர். இரவெல்லாம் விவாதித்துக் களைத்த மாணவர்கள் பௌர்ணமியில் ஏறி உட்காரும் இடம். கையை ஊன்றி ஏறும் முதல் பாறை டெல்லிக்காரருக்கு அநேகமாக இதுதான். இங்கிருந்து சஞ்சய் வன், லால் கோட்டின் பதினோராம் நூற்றாண்டுச் சுவர், லாடோ சராய்ப் பாறைகள், பிறகு 1321இல் கியாசுதீன் துக்ளக் எழுப்பத் தொடங்கிய துக்ளகாபாத் கோட்டை என்று முகடு தென்கிழக்கே வளைகிறது. துக்ளகாபாத்தின் ராட்சதக் கற்கள் வெளியிலிருந்து வரவில்லை. காலடியில் கிடந்ததையே பெயர்த்து அடுக்கியிருக்கிறார்கள். கோட்டை எங்கே முடிகிறது, மலை எங்கே தொடங்குகிறது என்று பல இடங்களில் பிரித்தறிய முடியாது.

கையை எங்கே வைப்பது

துக்ளகாபாத்துக்குத் தெற்கே அசோலா பட்டி வனவிலங்குச் சரணாலயம், 32.71 சதுர கிலோமீட்டர். சீட்டு வாங்கி, அனுமதித்த பாதையில் மட்டும் நடக்கலாம். முகட்டில் இஷ்டத்துக்கு ஏறக்கூடாது, ராத் தங்கக்கூடாது. நியாயமான விதி. 2021–22இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் வைத்த தானியங்கிக் கேமராக்களில் எட்டுச் சிறுத்தைகள் பதிவாகியிருக்கின்றன. கழுதைப்புலியும் முள்ளம்பன்றியும் நீலான் கூட்டங்களும் உண்டு. ஒரு நாட்டின் தலைநகருக்குள் சிறுத்தை குட்டி போட்டு வாழ்கிறது. அதனால் சரணாலயத்தைச் சுற்றிக்கொண்டு, ஹரியானா எல்லைக்குள் ஃபரீதாபாத் பக்கத்தில் மறுபடி முகட்டைப் பிடிக்க வேண்டும்.

இங்கேதான் உண்மையான ஏற்றம் தொடங்குகிறது. நடையும் இல்லை, கயிறு கட்டி ஏறும் பாறையேற்றமும் இல்லை. இரண்டுக்கும் நடுவே, கைகால் நான்கையும் ஊன்றித் தொற்றிப் போவது. மலையேறுபவர்கள் இதை ஸ்கிராம்பிளிங் என்பார்கள். பர்வதமலையில் கடப்பாரைப் படி ஏறியவர்களுக்கு அந்த உடம்புப் பழக்கம் கொஞ்சம் இருக்கும். ஆனால் அங்கே சங்கிலி இருக்கிறது, முன்னால் போகும் கூட்டம் இருக்கிறது. இங்கே பாறையைத் தவிர எதுவும் இல்லை.

பாறையின் குணம் தெரிய வேண்டும். செஞ்சியிலும் திருப்பரங்குன்றத்திலும் நாம் பார்த்துப் பழகியது உருண்டு திரண்ட பாறை; சொரசொரப்பான முகம், சரிவிலும் பாதம் பிடிக்கும். ஆரவல்லியின் இந்தப் பகுதி குவார்ட்சைட். நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன் படிந்த மணல், பூமிக்கடியில் வெந்து நெருங்கி, மணலுக்கு மணல் இடைவெளி இல்லாமல் இறுகிய கல். உளி தெறிக்கும். தேயாது, உடையும், உடைந்தால் கோடு போட்டாற்போல நேராக, சதுரம் சதுரமாகப் பிளக்கும். அதனால் படிபோல விளிம்புகள் தாராளமாகக் கிடைக்கும். அதுவே ஆபத்தும்கூட. எந்த விளிம்பு மலையோடு சேர்ந்தது, எது வெறுமனே அடுக்கி வைத்ததுபோல் உட்கார்ந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. உள்ளங்கையால் தட்டிப் பார்க்க வேண்டும். கனமான ஓசை வந்தால் நம்பலாம். பொள்ளென்று கேட்டால் அதை விட்டு அடுத்த கல்லைத் தேட வேண்டும். இரண்டு கை, இரண்டு கால். ஒன்று நகரும்போது மற்ற மூன்றும் ஊன்றியிருக்க வேண்டும். பிடியை இழுக்காமல் கீழ்நோக்கி அழுத்துவது நல்லது. குவார்ட்சைட் விளிம்பில் படிந்திருக்கும் டெல்லித் தூசி, பாசியைப் போலவே வழுக்கும்.

கண்ணால் பார்க்காத இடுக்கில் விரல் விடக்கூடாது. குளிர்காலத்துக் காலை வெயிலுக்குச் சுருட்டை விரியன் பாறையோரம் சுருண்டு கிடக்கும். சின்னப் பாம்புதான், விஷம் பெரிது. இறங்க முடியாது என்று தோன்றும் இடத்தில் ஏறக்கூடாது என்பதும் முக்கியம். ஏறும்போது கண்ணும் கையும் ஒன்றாக மேலே பார்க்கின்றன. இறங்கும்போது கால்தான் கண்ணாக வேண்டியிருக்கிறது.

வழி கண்டுபிடிப்பது தனிப்பாடம். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தில் சமவுயரக் கோடுகளுக்கு இடையே பொதுவாக 20 மீட்டர் இடைவெளி. இரண்டு கோட்டுக்கு நடுவே பதினைந்து மீட்டர் செங்குத்துப் பாறை நின்றாலும் வரைபடத்தில் அது காணாமல் போய்விடும். செல்போன் வரைபடத்தில் எல்லாம் ஒரே பச்சைத் திட்டு. அந்தப் பதினைந்து மீட்டர்தான் உங்கள் பகல் பொழுதைத் தின்னும்; சுற்றிப் போவதா, திரும்புவதா, தொற்றி இறங்குவதா என்று நிற்கவைக்கும். நாங்கள் கண்ட மட்டில் வரைபடத்தைவிடக் கால்நடைத் தடம் உதவுகிறது. மாட்டுத் தடத்தைப் பிடித்தால் தண்ணீருக்கோ ஊருக்கோ கொண்டுபோய் விடும். ஆட்டுத் தடத்தை நம்பினால் ஆடு மட்டுமே நிற்கக்கூடிய திட்டில் போய் முடியும்.

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரைதான் இந்த நடை. கோடையில் காற்றே 45 டிகிரியைத் தொடும் ஊரில் பாறையில் கைவைக்க முடியாது. டிசம்பரில் ஐந்தரை மணிக்குள் பொழுது சாய்ந்துவிடும். பகல் இரண்டு மணிக்கு எங்கே இருந்தாலும் இறங்குவதைப் பற்றி யோசிக்க வேண்டும். மூடுபனி நாளில் கிளம்பவே கூடாது.

வழிகாட்டி இல்லாமல் போவது சரியா என்று தமிழ் வாசகர்கள் கேட்பார்கள், கேட்க வேண்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை நாம் மறக்கவில்லை. அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளை, உள்ளூர் மலைவாழ் மக்களையே வழிகாட்டிகளாகக் கொண்டு வனத்துறை திறந்தது. குரங்கணிச் சரிவுகளுக்கும் சோலைக் காடுகளுக்கும் அதுதான் முறை. அங்கே ஒரு தப்படி தவறினால் உதவி வர மணிக்கணக்காகும்.

ஐரோப்பாவில் இந்த விவாதம் பழையது. 1855இல் சார்லஸ் ஹட்சன் என்ற பாதிரியாரும் நண்பர்களும் வழிகாட்டி இல்லாமல் மோன் பிளாங்க் சிகரத்தை அடைந்தார்கள். ஆல்ப்ஸ் மலையில் அது பெரும் துணிச்சலாகப் பேசப்பட்டது. அதே ஹட்சன் 1865இல் மேட்டர்ஹார்ன் சிகரத்திலிருந்து இறங்கும்போது, தேர்ந்த வழிகாட்டிகள் கூட இருந்தும், விழுந்து இறந்தார். ஆள் இருப்பதா இல்லாததா என்பதைவிட, திரும்பும் வழி எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதையே நான் பார்க்கிறேன். ஃபரீதாபாத் முகட்டில் எங்கே நின்றாலும் அநேகமாக ஒரு மணி நேரத்தில் ஒரு தார்ச்சாலையைத் தொட்டுவிடலாம். அந்த நெருக்கம் இருக்கும் இடத்தில் தானே வழி தேடப் பழகுவது நல்லது. கூடவே ஊர்க்காரர்களிடம் கேட்டுப் போவதும் கட்டாயம். வழிகாட்டி இல்லை என்றால் யாரையும் கேட்காமல் போவது என்று பொருளாகாது.

குடரியா தாஸ் பாபாவின் காடு

குர்கானிலிருந்து ஃபரீதாபாத் போகும் சாலையின் மேல் பந்த்வாரி குப்பைமலை எழுந்து நிற்கிறது. இரு மாநகரங்களின் குப்பையை ஆரவல்லியின் மடியில் கொட்டிக் கொட்டி உருவான மலை. அதன் கசிவுநீர் பாறை வெடிப்புகள் வழியாக நிலத்தடிக்குப் போகிறது. அதே வெடிப்புகள்தான் மழைநீரை உள்ளே இறக்கி இரு நகரங்களுக்கும் குடிநீர் தருகின்றன. நாற்றம் ஒரு முகடு தாண்டியும் துரத்தும்.

அந்தக் குப்பைமலைக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளத்தாக்கு திறக்கிறது. மங்கர் பனி. பந்த்வாரி, மங்கர், பலியாவாஸ் என்ற மூன்று கிராமத்துக் குஜ்ஜர் மக்களின் கோயில்காடு. குடரியா தாஸ் பாபா என்ற சாது இங்கே வாழ்ந்து மறைந்தார் என்பது நம்பிக்கை. இந்தக் காட்டில் ஒரு கிளையை ஒடித்தாலும் குடும்பத்துக்குக் கேடு வரும் என்று அவர்கள் உறுதியாக நம்புகிறார்கள். ஆடு மேய்ப்பவர்கள்கூட எல்லையோடு நின்றுவிடுவார்கள். அதனால் தௌ மரங்கள் இங்கே தோப்பாக நிற்கின்றன. வெளியே, ஆடுகள் கடித்துக் கடித்து, அதே மரம் பாறைமேல் பாய்விரித்தாற்போலப் படர்ந்து கிடக்கும். முழங்கால் உயரத்தைத் தாண்டாது. எல்லைக்கோட்டில் நின்று இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். குளிர்காலத்தில் தௌ இலைகள் செம்பு நிறமாகி, சரிவு முழுக்கத் துருப்பிடித்ததுபோல் தெரியும். ஐயனார் கோயில்காடுகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்கத் தேவையில்லை. அங்கே போகிறவர்கள் ஊரில் ஒரு தாவுஜியிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும்; பெரியவர்களை இங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள். செருப்போடு எதுவரை போகலாம், எங்கே நிற்க வேண்டும் என்று அவர் சொல்வார். பெரியவர்களை இங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள்.

இந்தப் பள்ளத்தாக்கின் பாறைகளில் பழங்கால ஓவியங்கள் இருப்பதை 2021இல் ஹரியானா தொல்லியல் துறையினர் வந்து ஆராய்ந்தார்கள். பழங்கற்காலக் கருவிகளும் கிடைக்கின்றன. மனிதர்கள் இங்கே எத்தனை ஆயிரம் ஆண்டுகளாக ஒதுங்கியிருக்கிறார்கள் என்று எண்ணும்போது, ஒரு பட்டாப் புத்தகத்தின் வயது சிறிதாகிவிடுகிறது. ஆனால் ஆபத்து அந்தப் புத்தகத்திலிருந்துதான் வந்தது. 1970, 80களில் ஊர்ப் பொதுநிலம் பங்கு போடப்பட்டு, வெளியூர்ப் பணக்காரர்களின் பெயர்களுக்கு மாறியது. நெடிய போராட்டத்துக்குப் பிறகு, 2016இல் ஹரியானா அரசு கோயில்காட்டையும் அதைச் சூழ்ந்த பகுதியையும் கட்டுமானம் கூடாத இடமாக அறிவித்தது. நம்பிக்கை காத்த காட்டுக்கு அரசாணையும் வேலியானது.

முகட்டின்மேல் ஏறி நின்று திரும்பினால் குர்கானின் கண்ணாடிக் கட்டடங்கள் வரிசையாகத் தெரியும். நாங்கள் நின்ற முகட்டுக்கும் பள்ளத்தாக்கின் தரைக்கும் நூறு மீட்டர் இருக்காது.

குழிகள்

மங்கருக்கு மேலும் கீழும் முகடு திடீர் திடீரென்று முடிந்துவிடும். அடுத்த அடி வைக்க இடமிருக்காது; வெட்டி எடுத்த செங்குத்துச் சுவர், கீழே கரும்பச்சைத் தண்ணீர். பழைய சுரங்கங்கள். நொறுங்கிய குவார்ட்சைட்டைச் சலித்து எடுக்கும் சிவந்த மணலுக்கு டெல்லியில் பதர்பூர் என்று பெயர். ஒரு காலத்தில் கொத்தனார்கள் பதர்பூர் இல்லாமல் கலவை குழைத்ததில்லை. நாம் வாழும் காலனிகளின் சுவர்கள் இந்த மலையைப் பெயர்த்துப் பூசியவை. பட்டியின் சுரங்கங்கள் 1990களின் தொடக்கத்தில் மூடப்பட்டன. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றம் ஹரியானாப் பகுதியில் சுரங்க வேலையை நிறுத்தியது. 2009இல் ஃபரீதாபாத், குர்கான், மேவாத் மாவட்டங்கள் முழுவதிலும் நிறுத்தியது. ராஜஸ்தானில் ஆய்வுக்கு எடுத்த 128 குன்றுகளில் 31 காணாமல் போய்விட்டன என்ற அறிக்கை 2018இல் நீதிமன்றத்தின் முன் வந்தது.

வெட்டுமுகத்தின் விளிம்புக்கு நெருங்கிப் போகக்கூடாது. வெடிவைத்து உடைத்த பாறை உள்ளுக்குள் விரிசல் கண்டிருக்கும். மேலே உறுதியாகத் தெரியும் தளம் மூன்று தப்படிக்குள் சரியலாம். குழித்தண்ணீரில் இறங்கவும் கூடாது. கரை என்று ஒன்று இல்லை, முதல் அடியிலேயே ஆழம். இளைஞர்கள் குளிக்க இறங்கி மூழ்கிய செய்திகள் அடிக்கடி வருகின்றன.

குழிகளைப் போலவே சுவர்களும் முகட்டை அறுக்கின்றன. பண்ணை வீடுகள், கல்யாண மண்டபங்கள், இடையிடையே ஆசிரமங்கள். 2021 ஜூன் மாதம் உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் ஃபரீதாபாத்தின் கோரி கிராமத்தில் ஏறத்தாழ 10,000 வீடுகளை இடித்து அகற்றும் வேலை தொடங்கியது. கொரோனாவின் இரண்டாம் அலை ஓய்ந்திராத நேரம், மழைக்காலத் தொடக்கம். காட்டுநிலத்தில் வீடு கூடாது என்றால் அது எல்லோருக்கும் பொருந்த வேண்டும். கூலித்தொழிலாளியின் குடிசைக்கு ஆறு வாரக் கெடு, பணக்காரரின் புல்தரைக்கு ஆண்டுக்கணக்கு என்பதை அந்தப் பக்கம் நடக்கும் எவரும் கண்ணால் காணலாம். 1900ஆம் ஆண்டின் பஞ்சாப் நிலப் பாதுகாப்புச் சட்டத்தின் சிறப்பு ஆணைகள் பொருந்தும் நிலம் காடே என்று 2022 ஜூலையில் நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனாலும் சுவர்கள் நிற்கின்றன.

அந்த நூறு மீட்டர் உத்தரவு வந்த வழக்கின் பெயரைச் சொல்ல வேண்டும்: டி.என். கோதவர்மன் திருமுல்பாடு எதிர் இந்திய அரசு. நீலகிரியில் கூடலூர்க் காடுகள் வெட்டப்படுவதைப் பொறுக்காமல் நிலம்பூர்க்காரர் ஒருவர் 1995இல் தொடுத்த வழக்கு அது. 1996 டிசம்பர் 12 அன்று அதே வழக்கில்தான், ஏட்டில் என்ன பெயர் இருந்தாலும் அகராதிப் பொருளில் காடாக இருப்பதெல்லாம் காடே என்று நீதிமன்றம் சொன்னது. கண்ணுக்கு முன்னால் நிற்பதை ஏட்டுக்கு மேலாக மதித்த தீர்ப்பு. நாடெங்கும் எத்தனையோ காடுகளைக் காத்தது. கூடலூரில் பிறந்த அந்த வழக்கின் பெயரால், கண்ணுக்கு முன்னால் நிற்கும் மலையை அளவுநாடாவுக்கு எட்டவில்லை என்று தள்ளும் வரையறை வந்தது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

புதிய சுரங்க உரிமங்கள் உடனே வராது, திட்டம் வகுத்த பிறகே முடிவு என்று அந்த நூறு மீட்டர் உத்தரவிலேயே காப்பு இருந்தது உண்மைதான். என் மறுப்பு அதற்கும் முந்தியது. ஆரவல்லியின் வேலை உயரத்தால் நடப்பதில்லை. மழையைப் பாறை வெடிப்பில் வாங்கி நிலத்துக்குள் அனுப்புவதும், தார்ப் பாலைவனத்தின் புழுதியைத் தடுப்பதும், அசோலாவின் சிறுத்தை தெற்கே ஆல்வார்வரை போய்வர வழிவிடுவதும் தொடர்ச்சியால் நடப்பவை. இருபது மீட்டர் மேடு ஒன்றை நடுவில் எடுத்துவிட்டால், இரு பக்கமும் நூறு மீட்டர்க் குன்றுகள் நின்றாலும் சிறுத்தைக்கு வழி அடைபடும். கால்களால் இதைக் கடக்கும்போது ஒவ்வொரு அறுபடலும் உடம்பில் தெரிகிறது. இறங்கி, சாலையைக் கடந்து, சுவரைச் சுற்றி, மறுபடி ஏற வேண்டும். சிறுத்தைக்கும் அதேதான், அதற்கு லாரிக்காரர்கள் வழிவிடமாட்டார்கள்.

டௌஜ்

ஃபரீதாபாத்திலிருந்து சோஹ்னா போகும் சாலையோரம் இருக்கிறது டௌஜ். இங்கே முகட்டின் பக்கவாட்டில் வெட்டாத இயற்கைப் பாறைச் சுவர்கள் நிமிர்ந்து நிற்கின்றன. டெல்லியின் பாறையேறிகளுக்கு இது பல தலைமுறைப் பள்ளிக்கூடம். டௌலா குவான் பக்கம், பெனிட்டோ ஹுவாரெஸ் சாலையில் ரிட்ஜையொட்டியே இருக்கும் இந்திய மலையேறும் அறக்கட்டளையைச் சுற்றி வளர்ந்தவர்கள், வாரக் கடைசியில் பஸ் பிடித்து இங்கே வந்து பழகி, பிறகு இமயமலைக்குப் போயிருக்கிறார்கள். பாறையில் ஆணி அடித்து வைப்பதைப் பெரும்பாலும் தவிர்க்கிறார்கள். ஏறுபவரே விரிசல்களில் உலோகப் பிடிப்புகளைச் செருகி, கயிறு மாட்டி, பின்னால் வருபவர் அவற்றைக் கழற்றிக்கொண்டு போவது இங்கத்திய வழக்கம். அவர்கள் போன பிறகு பாறையில் வெள்ளைப் பொடியின் தடம் மட்டும் இருக்கும். அடுத்த மழை அதையும் கழுவிவிடும்.

கயிறு இல்லாத எங்களைப் போன்றவர்களுக்குச் சுவர்களின் பின்புறமாகத் தொற்றி ஏறும் வழிகள் உண்டு. மேலே முகடு கத்திமுனையாக ஒடுங்கி, சதுரக் கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து நிற்கும். உட்கார்ந்து நகர வேண்டிய இடங்களும் உண்டு. தெற்கே தம்தமா, சோஹ்னா என்று முகடு போய்க்கொண்டே இருப்பது தெரியும்.

நிறுத்திவைத்த வரையறையை ஆராய வரும் நிபுணர்கள் ட்ரோன் படங்களோடு நின்றுவிடக் கூடாது. மங்கரிலிருந்து டௌஜ் வரையாவது நடக்கட்டும். டிசம்பர் நடுவில், பனிமூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து, காலை ஏழு மணிக்கு மங்கரில் தொடங்கலாம். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் வேண்டும். வழியில் குடிக்கத் தண்ணீர் கிடையாது. முழுக்கைச் சட்டையும் அடித்தோல் தடித்த ஷூவும் கட்டாயம். ஊரில் தாவுஜியிடம் சொல்லிவிட்டு, இடப்பக்க முகட்டைப் பிடித்து ஏற வேண்டும். முதல் பழைய சுரங்கம் வரும்வரை மாட்டுத் தடம் தெளிவாகவே இருக்கிறது.